கருங்காலி என்று எழுதிய கை

மார்ச் 2

வேலைநிறுத்தம் தொடங்கி இன்றோடு இருபத்திரண்டு நாள். மருந்துக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த இந்த டைரி பரணில் சும்மா கிடந்தது. மில்லுக்குப் போகிற காலத்தில் எழுத நேரமில்லை. இப்போது நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஒரு ஆள் நாலு சைடு பார்த்துக்கொண்டிருந்தோம். சைடு என்றால் நூல் நூற்கிற ரிங் பிரேம் எந்திரத்தின் ஒரு பக்கம். அதை ஆறாக்கினார்கள். ஆறு சைடுக்கு ஓடினால் நாற்பது வயதில் முட்டி போய்விடும். அதனால் வெளியே வந்துவிட்டோம். மில் வாசலுக்கு எதிரே பந்தல். பந்தலுக்குப் பின்னால் கஞ்சித்தொட்டி.

என் வேலை பலகை எழுதுவது. எங்கள் மில்லில் அறுநூறு பேர் இருக்கிறார்கள், ஆனால் ஆவுடையப்பன் எழுத்து போல வருமா என்றுதான் கேட்பார்கள். நானும் இல்லை என்று சொல்வதில்லை. இடது பக்கம் எத்தனையாவது நாள், எந்த ஊரிலிருந்து எத்தனை படி அரிசி வந்தது. வலது பக்கம் கொட்டை எழுத்தில் ‘கருங்காலிகள்’. அதன் கீழே இரண்டு பெயர். கார்டிங் பிரிவில் ஒருவன், ரீலிங்கில் ஒருவன்.

ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. என் இருமல் நின்றுவிட்டது. என் பெண்டாட்டி பிரமு சொல்கிறாள், “இருவது வருசத்துல இப்பத்தான் நிம்மதியாத் தூங்குதேன்.”

மார்ச் 5

கோமதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்டாள், “கருங்காலின்னா என்னப்பா?”

“மில்லுக்குள்ள வேலைக்குப் போறவன்.”

“அப்ப போன மாசம் வரைக்கும் நீங்க எல்லாருமே கருங்காலியா?”

ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இந்த வாய். அவள் அம்மா வழி. டீச்சரிடம் கேட்டாளாம். அது ஒரு மரம், உலக்கை செய்வார்கள், உளுக்காது என்றாராம். உலக்கை மாதிரி ஒரு சாமானுக்கும் எங்கள் பலகைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தெரியவில்லை.

கேள்வி மட்டும் மனசில் நின்றது. எங்கிருந்தோ லாரியில் முப்பது பேரை இறக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். அவர்களை நாங்கள் கருங்காலி என்பதில்லை, ‘வெளியாள்’ என்கிறோம். திருடனுக்கும் அந்தப் பெயர் இல்லை. மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறோம், அவரையும் அப்படிச் சொல்வதில்லை. நம்மோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தவன் போனால்தான் அந்தப் பெயர். நம்மவனாக இல்லாதவனுக்கு அது ஒட்டாது.

இதை அவளுக்குச் சொல்லலாம் என்று போனேன். பாண்டி விளையாடப் போய்விட்டாள்.

மார்ச் 8

பாளை மார்க்கெட்டில் எங்கள் மில் ஸ்பின்னிங் மாஸ்டரைப் பார்த்தேன். அவராகத்தான் வந்து பேசினார். வெளியாட்களுக்கு அறுந்த இழையை ஒட்டக்கூடத் தெரியவில்லையாம். பழகின கை ஒன்றிரண்டு இருந்தால் போதுமாம். பிறகு என் மகன் உலகநாதனைப் பற்றி விசாரித்தார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக வீட்டில் இருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. “நல்ல பையன். மெயின்டனன்ஸ்ல ஒரு எடம் இருக்கு,” என்றார்.

வணக்கம் மட்டும் சொன்னேன். கத்தரிக்காய் அரைக்கிலோ, முருங்கைக்காய் மூன்று.

மார்ச் 11

அரிசி கேட்டு ஊர் ஊராகப் போக ஆள் பிரித்தார்கள். யாருக்கும் தூரத்து ஊர்கள் பிடிக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். சைக்கிளில் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சங்கச் செயலாளர் ஞானதிரவியம் எல்லோர் முன்னாலும், “அண்ணாச்சியப் பாத்துப் படிங்கடே,” என்றார். மச்சான் மாசானம் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

மச்சான் என்றால் பிரமுவின் அண்ணன். கார்டிங் பிரிவு. என்னை மில்லில் சேர்த்துவிட்டதே அவர்தான். அவர் மகள் செண்பகம் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

மார்ச் 14

திருச்செந்தூர் போய் மொட்டை போட்டு வந்தேன். வேலைநிறுத்தம் ஜெயிக்க வேண்டுதல். பந்தலில் எல்லோரும் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். பிரமுதான் சிரிக்கவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. நானும் வந்து கும்பிட்டிருப்பேம்லா,” என்றாள். தோன்றியது, போனேன். இதில் என்ன இருக்கிறது?

மார்ச் 17

இரண்டு நாள் அலைந்து ஏழு படி அரிசி. ஊர்களிலும் பஞ்சம்தான்.

இருமல் திரும்ப வந்துவிட்டது. கிராமத்து ரோட்டில் அத்தனை புழுதி.

பனியனை நானே துவைத்துக்கொள்கிறேன் என்றேன். பிரமு பிடுங்கிக்கொண்டு போனாள்.

மார்ச் 20

பந்தலில் ஒரே பேச்சு. இரண்டு ரிங் பிரேம் ஒழுங்காக ஓடுகிற சத்தம் கேட்கிறதாம். வெளியாட்களால் முடியாது, நம்மாள் ஒருவன் பின்வாசல் வழியாகப் போகிறான் என்கிறார்கள். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். இருபது வருஷம் கேட்ட காது.

நாளையிலிருந்து தலை பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. பஞ்சாலைக்காரனுக்கு எல்லா நாளும் தலை நரைத்துத்தான் இருக்கும். முடியில், புருவத்தில், மூக்குமயிரில் பஞ்சு. நாற்பது நாளாக வேலை இல்லாததால் இப்போதுதான் எல்லோர் தலையும் கறுத்திருக்கிறது. எவன் தலையில் பஞ்சு இருக்கிறதோ அவன் உள்ளே போனவன். இரண்டு பேர் பந்தல் வாசலில் நின்று பார்ப்பார்கள்.

என் தலையைப் பார்க்க என்ன இருக்கிறது என்று சிரித்தார்கள்.

மார்ச் 22

காலை பத்து மணி. மச்சான் புருவத்தில் பஞ்சு. பின்கழுத்திலும் கொஞ்சம்.

பிடித்துக்கொண்டார்கள். “எலே, மவளுக்கும் பொறக்கப்போற பிள்ளைக்கும் தலவாணி தச்சேன்டே. இலவம்பஞ்சு. வீட்டுல வந்து பாருங்க,” என்றார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. ஏற்கெனவே கார்டிங்கில் ஒருவன் போயிருக்கிறான், இவர் அவனுக்குப் பக்கத்து எந்திரம்.

ஞானதிரவியம் நியாயமான ஆள். அந்தப் பஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “அண்ணாச்சி, நீங்க அவருக்குச் சொந்தம். நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல.”

பார்த்தேன். சொன்னேன். பிறகு எழுதச் சொன்னார்கள், எழுதினேன். மூன்றாவது பெயர்.

மச்சான் என் பக்கத்தில் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று இரண்டு பேர் குறுக்கே பாய்ந்தார்கள். அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 23

பிரமு தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரசம் வைத்திருந்தாள்.

மார்ச் 27

எங்கள் தெருவில் அந்த வார்த்தை நன்றாகப் புழங்குகிறது. முதலில் ‘கருங்காலி மாசானம்’ என்றார்கள். இரண்டு நாளில் பெயர் உதிர்ந்துவிட்டது, வெறும் கருங்காலி. பிறகு அது வீட்டுக்குப் பரவியது. ‘கருங்காலி வீட்டுக்கு அடுத்த வீடு’ என்று தபால்காரரிடம் அடையாளம் சொல்கிறார்கள். இன்று குழாயடியில், “கருங்காலி மக வாரா, கொடத்தை எடுங்க,” என்றார்களாம். செண்பகம் நிறைமாசக்காரி. காலிக் குடத்தோடு திரும்பிப் போனாளாம். கோமதி வந்து சொன்னாள்.

“அவங்க யாரு வேலைக்கும் போகலியேப்பா, அவங்களும் கருங்காலியா?”

போய்ப் படி என்றேன்.

நாவிதர் மச்சானுக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். நான் வாரத்துக்கு மூன்று நாள் அரிசிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏப்ரல் 3

செண்பகத்துக்கு ஆண் குழந்தை. ரிக்‌ஷாக்காரர்கள் யாரும் வரவில்லையாம். மச்சான் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாராம். நல்ல வேளை, இரண்டு உயிரும் நலம்.

பிரமு புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். “போயிட்டு வாரேன்.”

“போர்டு எழுதுதவன் பொண்டாட்டி அந்த வீட்டுக்குப் போனா என்ன சொல்லுவாங்க?” என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். உள்ளே போய்ப் பழைய புடவையைக் கட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் 10

ஜெயித்துவிட்டோம். நாலு சைடுதான். அறுபத்தொரு நாள். பட்டாசு, மாலை, ஊர்வலம். பலகையை நானே ஈரத்துணியால் துடைத்தேன். மூன்று பெயரும் போயின.

மற்ற இரண்டு பேரும் ஏற்கெனவே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மச்சானைச் சேர்த்துக்கொள்ள மில்லுக்குத் தடையில்லை. ஆனால் கார்டிங் ஆட்கள் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்ய மாட்டோம் என்கிறார்கள். காலையில் கேட் வரைக்கும் வந்தார். யாரோ அந்த வார்த்தையைச் சொன்னார்கள். திரும்பிப் போய்விட்டார்.

ஏப்ரல் 18

பதினாறாம் நாள், பெயர் வைக்கிற விசேஷம். மச்சான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் பின்கட்டில் இருந்தேன். பிரமுவிடம், “வாம்மா, அத்தை வந்து பேரு சொல்லணும்,” என்றது கேட்டது.

ஐம்பது இலைக்குச் சமைத்தார்களாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஆறு பேர் தவிர ஒருவரும் போகவில்லை. பிரமு தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். மத்தியானம் அந்த வீட்டு வாசலில் சோற்றை மாடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்ததை வேலை முடிந்து வரும்போது நானே பார்த்தேன்.

ஏப்ரல் 20

உலகநாதனுக்கு வேலை உத்தரவு வந்தது. பையன் குதிக்கிறான். பிரமு வாங்கிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் தேதி படிக்கத் தெரியும். மார்ச் 29 என்று போட்டிருந்தது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் பந்தலில் இருந்தோம்.

“நல்ல பேப்பரு,” என்று மடித்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 21

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். இதில்கூட மறைத்துவிட்டு இந்த டைரி எதற்கு?

நான் எட்டு நாள் உள்ளே போனேன். அரிசி கேட்கப் போகிறேன் என்று சைக்கிளில் கிளம்பி, தாழையூத்து ரோட்டில் ஒரு தோட்டத்தில் சைக்கிளை விட்டுவிட்டு, கழிவுப்பஞ்சு ஏற்றுகிற லாரியில் படுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். கொண்டுவந்த அரிசி கடையில் வாங்கியது. மொட்டை போட்டது வேண்டுதலுக்காக இல்லை. தலையில் பஞ்சு ஒட்டாது என்பதற்காக. முருகன் பெயரையும் இதில் இழுத்திருக்கிறேன்.

மச்சான் புருவத்தில் இருந்தது இலவம்பஞ்சுதான். விரலில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. இலவம்பஞ்சு வழுக்கும், முறுக்கினால் இழையாகாது. மில் பஞ்சு முறுக்கினால் இழையாகும். அங்கே நின்ற யார் தொட்டுப் பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பார்கள். யாரும் தொடவில்லை, என் கை போதும் என்று விட்டுவிட்டார்கள். “மில் பஞ்சு,” என்றேன். சொல்லிவிட்டு ஊதிவிட்டேன். ஒரு பெயர் கிடைத்தால் தேடுவதை நிறுத்துவார்கள் என்று அந்த ஒரு நொடியில் தோன்றியது. வேறு காரணம் இல்லை. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

மச்சான் என்னை அடிக்க வரவில்லை. பக்கத்தில் வந்து என் காதுக்குள் இரண்டு விரலை விட்டு எதையோ எடுத்தார். முந்தின நாள் உள்ளே போயிருந்தேன். தலையை மழித்தவன் காதை மறந்துவிட்டேன். எடுத்த பஞ்சை விரலில் வைத்து ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்தார். இழையாயிற்று. அதை வேட்டி மடியில் சொருகிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பிரமு இருக்கா, மாப்ள,” என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்தார்.

கையைத் தூக்கி அந்த இழையைக் காட்டியிருந்தால் போதும். என் எலும்பு மிஞ்சியிருக்காது. தங்கச்சி வாழ்க்கை என்று பேசாமல் போனார். அதற்குப் பிறகும் நான் பன்னிரண்டு முறை அந்தப் பலகையில் அவர் பெயரைப் புதுப்பித்து எழுதினேன், சாக்பீஸ் மங்கிவிட்டது என்று.

எனக்கு அழுகை வரவில்லை. இருமல்தான் வருகிறது.

ஏப்ரல் 22

ஞானதிரவியத்தைச் சங்க அறையில் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். முகம் கறுத்துப் போயிற்று.

“யாருட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல.”

“சொல்லாதீங்க.”

“மாசானம் பேரு?”

“அறுவத்தோரு நாளு கஞ்சி குடிச்சு நின்னிருக்காங்க அண்ணாச்சி. போர்டு எழுதுனவனே உள்ள போயிட்டு வந்தான்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் எவன நம்புவான்? அடுத்த மாசம் சங்கத் தேர்தல். ஒங்க மூஞ்சிய எனக்குப் பாக்கப் பிடிக்கல. ஆனா நீங்க வாயத் தொறக்கக் கூடாது.”

“அவரு தப்பே செய்யலியே.”

“தெரியுது. இப்ப எனக்கும்லா தெரிஞ்சு போச்சு,” என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 23

மச்சான் குடும்பம் நாளைக் காலை தூத்துக்குடி போகிறதாம். உப்பளத்தில் வேலை. நாற்பத்தொன்பது வயதில் உப்பளம்.

ஏப்ரல் 24

காலையில் ஆறு மணிக்கே மில் வாசலுக்குப் போய்விட்டேன். பந்தலைப் பிரித்துவிட்டார்கள், பலகை மட்டும் வேப்பமரத்தில் சாய்ந்திருந்தது. ‘கருங்காலி’ என்று எழுதினேன். இந்தத் தடவை ‘கள்’ இல்லை. கீழே ‘ஆவுடையப்பன், ரிங் பிரேம்’. என்னுடைய நல்ல கையெழுத்தில்தான். பக்கத்திலேயே நின்றேன்.

முதல் ஷிப்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். “எவம்ல இத எழுதுனது?” என்று ஒருவன் கத்தினான்.

“நாந்தான். மார்ச் மாசம் எட்டு நாளு உள்ள போனது நான். மாசானம் மேல இருந்தது இலவம்பஞ்சு. நான் பொய் சொன்னேன்.” முடிந்த மட்டும் சத்தமாகச் சொன்னேன். இருமல் பாதியில் மறித்தது. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

அறுபது எழுபது பேர் நின்றார்கள். யாராவது கல்லெடுப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒரு பெரியவர் வந்து என் தோளைத் தொட்டார். “மச்சான் ஊரவிட்டுப் போறாருல்லா. இவருக்கு மனசு தாங்கல,” என்றார். பின்னால் ஒரு பெண், “பொண்டாட்டி அழுதிருப்பா, பாவம்,” என்றாள். நான் தலையை ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்றேன். அப்படிச் சொல்லச் சொல்ல அவர்கள் கண் கலங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஞானதிரவியம் வந்தார். பலகையைப் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டைக் குழாயில் நனைத்து, தன் கையாலேயே துடைத்தார்.

“அண்ணாச்சி மாதிரி ஒரு மனுசன் இந்த மில்லுல உண்டா? கருங்காலிக்குச் சொந்தக்காரனாப் போன கொடுமைக்கு, அந்தப் பழியத் தாமேல போட்டுக்கிடப் பாக்காரு,” என்றார். என் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லி முடித்தார்.

யாரோ கைதட்டினார்கள். சங்கு ஊதியது. எல்லோரும் உள்ளே போனார்கள். புதுச் சட்டையில் உலகநாதனும் போனான், என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

நான் வேலைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தேன். பிரமு ஒரு பையில் துணி வைத்துக்கொண்டிருந்தாள். கோமதி ரெட்டைச் சடை போட்டுக் கிளம்பி நின்றாள். சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

“போர்டுல எழுதுனீங்களாம்லா.”

“எழுதுனேன். எல்லாத்தையும் சொன்னேன், பிரமு. ஒருத்தரும் நம்பல.”

பையின் வாயை இழுத்துக் கட்டினாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“ஒங்க பனியனத் தொவைச்சவ நான். மார்ச் மாசத்துலேருந்தே நம்புதேன்,” என்றாள்.

தூத்துக்குடி பஸ் எட்டேகாலுக்கு.